வயலுக்கு வரும் பறவைகள்: விரட்டுமுன் கவனியுங்கள்

ஸ்ரீரங்கத்தில் காலை வேளையில் கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால், தெருவில் போகிறவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே ஊரில் இரவில் கூகை அலறினால், 'சாவுக்குருவி கத்துகிறது' என்று ஜன்னலைச் சாத்துவார்கள். கல்லெடுத்து எறிகிறவர்களும் உண்டு. கருடன் எனப்படும் செம்பருந்து ஆற்றோரத்தில் மீனும் நண்டும் பொறுக்கித் தின்னும் பறவை. பார்க்க மிக அழகானது. ஆனால் சம்பா நெல்லுக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கல்லடி படுகிற கூகைதான் இரவெல்லாம் வரப்பு எலிகளைப் பிடித்துத் தின்கிறது.

பறவைகளைப் பற்றி விவசாயிகளிடம் இருக்கும் கருத்துகளில் பல, கேள்விப்பட்டவை. கண்ணால் பார்த்து அறிந்தவை அல்ல. வயலில் ஒரு கூட்டம் இறங்கினால் அது பயிரைத் தின்ன வந்ததா, பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்ன வந்ததா என்று நின்று பார்க்காமலே தகர டப்பாவைத் தட்டுகிறோம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதிலிருந்து கல்லணை வரையிலான ஸ்ரீரங்கம் தீவும், அதற்கு இருபுறமும் உள்ள திருச்சி மாவட்டப் பாசனப் பகுதியும் பறவைகளுக்குப் பெயர் பெற்றவை. ஆறு, மணல் திட்டு, வாய்க்கால், நெல் வயல், வாழைத் தோட்டம், தென்னந்தோப்பு, ஏரி ஆகிய அனைத்தும் சில மைல்களுக்குள் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். இங்குள்ள விவசாயிக்குப் பறவை பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பயிர்ப் பாதுகாப்பில் ஒரு பகுதியும் ஆகும்.

எப்படிப் பார்ப்பது?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. சூரியன் உதித்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலை நான்கரை மணிக்கு மேல் இருட்டும் வரையிலும் ஏற்ற நேரங்கள். வெயில் முதுகுப்புறம் இருக்கும்படி நின்றால்தான் பறவையின் நிறம் தெரியும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தோன்றும். பளிச்சென்ற வெள்ளை உடையைவிட மங்கிய நிறத் துணி நல்லது. மோட்டார் ஷெட்டின் நிழலிலோ மரத்தடியிலோ பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், முதலில் எழுந்து பறந்த பறவைகள் திரும்பி வந்துவிடும். பைனாகுலர் இருந்தால் நல்லது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 40 மில்லிமீட்டர் முகக் கண்ணாடி உள்ள கருவி போதும். அதற்கு மேல் சக்தி வாய்ந்ததைக் கையில் பிடித்தால் காட்சி ஆடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், பயிரின் வயது, பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது எதைக் கொத்துகிறது என்பது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அலகைப் பாருங்கள். கூம்பு போன்ற குட்டையான தடித்த அலகு தானியம் உடைப்பதற்கு. மெலிந்த கூரிய அலகு பூச்சி பிடிப்பதற்கு. நீண்டு வளைந்த அலகு சேற்றைத் துழாவுவதற்கு. கொக்கி போன்ற அலகு இறைச்சி கிழிப்பதற்கு. கிளியின் அலகும் கொக்கி போன்றதுதான், ஆனால் அது பழத்துக்கும் கதிருக்கும் வருவது. ஆகவே அலகை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

தூக்கணாங்குருவி இதற்கு நல்ல உதாரணம். தானிய அலகு கொண்ட இப்பறவை கதிரில் உட்கார்ந்தால் நெல்லைத்தான் தின்னும். ஆனால் குஞ்சு பொரித்த நாட்களில் பூச்சிகளையும் புழுக்களையும் கூட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டும். குஞ்சு வளர அந்தச் சத்து வேண்டும். பறவை அறிஞர் சாலிம் அலி 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பம்பாய்க்கு அருகே கிகிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளை வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துத்தான் அவற்றின் குடும்ப வாழ்க்கையை வெளியிட்டார். ஓர் ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது, பிறகு அந்த ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது என்பதெல்லாம் அவ்வாறு தெரியவந்த செய்திகள். பனை மரமும் கிணற்றோர மரமும் உள்ள எவரும் இன்றும் இதைப் பார்க்கலாம்.

உழவும் நாற்றங்காலும்

தண்ணீர் வந்து சேற்று உழவு தொடங்கியதும் முதலில் வருவது உண்ணிக்கொக்கு. ஏர் மாடு இருந்த காலத்தில் மாட்டின் பின்னே நடந்தது. இன்று டிராக்டருக்குப் பின்னே நடக்கிறது. மண் புரளும்போது வெளிப்படும் வெட்டுக்கிளி, வண்டுப் புழு, பிள்ளைப்பூச்சி முதலியவற்றை இது பொறுக்குகிறது. தனியாக மேய்வதைவிட, மாடுகளை ஒட்டி மேயும்போது இக்கொக்கு குறைவாக நடந்து அதிக இரையைப் பிடிக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்ந்த இப்பறவை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானாகவே அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவில் குடியேறியது. மேய்ச்சல் நிலம் பெருகிய இடமெல்லாம் அதுவும் பெருகியது. வெண்மையான இக்கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் பொன்னிறமாகும். வேறு ஒரு பறவை வந்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

உண்ணிக்கொக்கு தவளையையும் தின்னும். தவளை பூச்சி தின்பது. ஆகவே கணக்கில் ஒரு பக்கம் சிறிது கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் விவசாயிக்கே.

நாற்றங்காலில் இதைவிடப் பயனுள்ள ஒரு காட்சியைக் காணலாம். நாற்றங்காலின் ஒரு மூலையில் மட்டும் கொக்கும் மைனாவும் காக்கையும் கூடிக் கொத்திக்கொண்டிருந்தால், உடனே போய் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே படைப்புழு இருக்கும். இப்புழு பகலில் நாற்றின் அடியிலும் மண் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் மாடு மேய்ந்தது போல நாற்றைத் தின்று தீர்த்துவிடும். விவசாயி நாற்று குட்டையானதைக் கண்டு விழித்துக்கொள்வதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே பறவைகள் கண்டுபிடித்துவிடுகின்றன. அப்பொழுது நாற்றங்காலில் நீரை உயர்த்திக் கட்டினால் ஒளிந்திருக்கும் புழுக்கள் மேலே ஏறிவிடும். மீதி வேலையைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். பூச்சிக்கொல்லி தெளிக்காமலே பல நாற்றங்கால்கள் இம்முறையில் தப்பியிருக்கின்றன. அங்கே நின்று டப்பா தட்டிப் பறவைகளை விரட்டினால், படைப்புழுவுக்குக் காவல் நிற்பதாகவே பொருள்.

கரிச்சானும் நத்தைகொத்தியும்

நடவு முடிந்து தூர் கட்டும் பருவத்தில் கவனிக்க வேண்டிய பறவை, இரட்டைவால் குருவி என்றும் கரிச்சான் என்றும் வழங்கும் கறுப்புப் பறவை. மின்சாரக் கம்பியிலோ குச்சியிலோ உட்கார்ந்திருக்கும். திடீரென்று பாய்ந்து அந்துப்பூச்சியையோ வெட்டுக்கிளியையோ பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். பத்து நிமிடத்தில் எத்தனை முறை பாய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மற்றப் பறவைகள் அடைந்த பிறகும், மங்கிய வெளிச்சத்திலும் வேட்டையாடுவது இதன் தனிச் சிறப்பு. குருத்துப்பூச்சியின் அந்துகள் பறக்கத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான்.

விடியலிலும் இதுவே முந்திக்கொள்ளும். மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் திருப்பாவை கேட்கிறவர்களுக்கு ஆனைச்சாத்தன் என்ற பறவையின் பெயர் தெரிந்திருக்கும். அது கரிச்சானே என்று கொள்வோர் உண்டு. இருள் பிரியும் முன்பே கூவும் வழக்கத்தைப் பார்த்தால் அந்தக் கருத்து பொருத்தமாகவே படுகிறது.

கரிச்சான் உட்கார இடம் இருந்தால்தான் வயலின் நடுவே வரும். வரப்போரத்து மரமெல்லாம் வெட்டுப்பட்ட இடங்களில், ஏக்கருக்கு 15 முதல் 20 வரை, 'டி' எழுத்து வடிவில் குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகளை நட வேண்டும். தென்னை மட்டையின் அடிப்பகுதியைத் தலைகீழாக ஊன்றினாலும் போதும். குச்சி பயிரின் மட்டத்துக்கு மேல் மூன்று அடியாவது நிற்க வேண்டும்.

அரிவாள் மூக்கன், மடையான், நத்தைகொத்தி நாரை ஆகியவை தண்ணீர் தேங்கிய வயலில் காணப்படும். இவற்றில் நத்தைகொத்தி நாரையின் அலகு விநோதமானது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வழுக்கும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு இது. நண்டையும் இது விடாது. வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிடும் வயல் நண்டைப் பற்றிக் கொள்ளிடக்கரை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக நட்ட வயலில் நாரைகள் நடப்பதால் சில நாற்றுகள் சாயும் என்பது உண்மை. பாடு போன இடத்தில் நான்கு நாற்றை ஊன்றிக்கொள்வது நாரையை விரட்டுவதைவிடச் சிக்கனம்.

இரவு வேட்டைக்காரன்

இனி கூகைக்கு வருவோம். இதய வடிவ வெள்ளை முகமும், பொன்னும் சாம்பலும் கலந்த முதுகும், வெண்மையான வயிறும் உடையது கூகை. மற்ற ஆந்தைகளைப் போல இது குழறுவதில்லை. கிறீச்சென்று அலறும், பாம்பு போலச் சீறும். பழைய கோபுரங்களின் பொந்துகள், மண்டபத்து இருட்டுகள், பாழுங்கிணறுகள், பட்டுப்போன பனை, தென்னை மரப் பொந்துகள் ஆகியவையே இதன் இருப்பிடம். கோயில்களும் பனைகளும் நிறைந்த காவிரிப் பாசனப் பகுதி இதற்கு ஏற்ற ஊர்.

கூகையின் முகம் அமைந்திருப்பது அழகுக்காக அல்ல. சுற்றிலும் உள்ள ஓசையைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு அது. ஒரு காது சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்திருப்பதால், ஓசை வரும் திசையையும் உயரத்தையும் துல்லியமாகக் கணித்துவிடும். முழு இருட்டிலும் காது ஒன்றைக் கொண்டே எலியைப் பிடிக்க வல்லது. இறகுகளின் ஓரம் மெல்லிய சீப்புப் போல அமைந்திருப்பதால் சிறகடிக்கும் ஓசை எழுவதில்லை. எலிக்கு முன்னறிவிப்பே கிடையாது.

கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் சில மணி நேரம் கழித்து ஓர் உருண்டையாக வாய் வழியே கக்கிவிடும். கூகை தங்குமிடத்தின் கீழே இவ்வுருண்டைகள் குவிந்து கிடக்கும். ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டை ஓடுகள் தனித்தனியே கிடைக்கும்; எத்தனை எலி என்று எண்ணிவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் இதை ஆர்வத்துடன் செய்வார்கள். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் துறையினர் காவிரிப் படுகையில் இம்முறையில்தான் கூகையின் உணவை ஆராய்ந்தனர். இப்பகுதி நெல்லைத் தாக்கும் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகிய மூன்றும் கூகையின் இரையே.

இவற்றில் கரம்பை எலியே பெரிய எதிரி. தின்பது ஒரு பங்கென்றால், வளைக்குள் கதிரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. ஒற்றைக் கூகைக்கு ஓர் இரவுக்கு ஒரு பெரிய எலியோ இரண்டு மூன்று சுண்டெலிகளோ போதும். கூட்டில் நான்கைந்து குஞ்சுகள் இருக்கும்போது தேவை பல மடங்காகிவிடும். முட்டைகளை இடைவெளி விட்டு இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று பெரியதும் சிறியதுமாக இருக்கும். அவை பறக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் பெற்றோர் இரண்டும் ஓயாமல் எலி கொண்டுவர வேண்டும்.

மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்து வளர்ப்பது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இஸ்ரேலில் 1983இல் ஒரு கூட்டுப் பண்ணையில் தொடங்கிய இம்முயற்சியில், பிற்பாடு எல்லைக்கு அப்பாலுள்ள ஜோர்டான், பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துகொண்டனர். நம்மிடம் பெட்டி வைக்கும் முன்பே கோபுரமும் பனையும் இருந்தன. இப்பொழுது பனையும் குறைந்துவிட்டது, ஸ்ரீரங்கம் தீவில் வயல்களும் மனைகளாகி வருகின்றன. ஆகவே பட்டுப்போன பனை, தென்னையில் பொந்து இருந்தால், ஆட்களுக்கு ஆபத்தில்லாத இடமாயின் வெட்டாமல் விடலாம். இரண்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள மரப்பெட்டியில், ஓரத்தில் ஆறு அங்குல வாயில் வைத்து, 12 அடி உயரத்துக்குக் குறையாமல் தோப்பு ஓரத்திலோ களஞ்சியச் சுவரிலோ பொருத்தலாம். வெயில் நேரடியாக விழக் கூடாது. கூகை குடியேறச் சில மாதங்கள் ஆகலாம். வயலில் நட்ட 'டி' குச்சிகள் பகலில் கரிச்சானுக்கும் இரவில் கூகைக்கும் பயன்படும்.

கூகை மட்டும் எலியை ஒழித்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எலி மூன்று வாரத்தில் குட்டி போடும் பிராணி. வரப்பைக் குறுகலாக அமைத்துச் செதுக்கி வைத்தல், கோடையில் ஊர் கூடி வளை வெட்டுதல், தஞ்சாவூர் கிட்டி வைத்தல் ஆகியவையும் சேர வேண்டும். எலி விஷத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புரோமோடியலோன் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைக் கூகை எளிதாகப் பிடித்துத் தின்று விஷத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். கூகை குடியிருக்கும் இடத்தைச் சுற்றிக் கிட்டியையும் வளை வெட்டுவதையும் கையாள வேண்டும். விஷம் வைத்தே தீர வேண்டுமானால், செத்த எலிகளைத் தினமும் காலையில் தேடி ஆழப் புதைக்க வேண்டும்.

பூச்சி மருந்துகளிலும் இதே நிலைமை. அர்ஜென்டினாவில் 1995-96இல் வெட்டுக்கிளிக்காக மோனோகுரோட்டோபாஸ் தெளித்த வயல்களில், அந்த வெட்டுக்கிளியைத் தின்று நன்மை செய்ய வந்த வல்லூறு இனம் ஒன்று ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது. நம் நாட்டில் போரேட் குருணை 2020 இறுதியுடன் தடைசெய்யப்பட்டது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்தைத் தடைசெய்யும் ஆணை 2023இல் வந்தது. பழைய டப்பாக்கள் மோட்டார் ஷெட்டில் கிடந்தால் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

நஷ்டம் செய்யும் பறவைகள்

எல்லாப் பறவையும் நண்பன் என்று சொல்வது விவசாயியை ஏமாற்றுவதாகும். பால் பிடிக்கும் கதிரில் சில்லைக் கூட்டம் இறங்கினால் பாலைப் பிழிந்துவிடும், பதர்தான் மிஞ்சும். பச்சைக்கிளி தின்பதைவிடக் கடித்துக் கீழே போடுவது அதிகம். ஆயினும் இங்கும் கவனித்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். சேதம் வயல் முழுவதும் ஒரே அளவில் இருக்காது. மரம், புதர் ஆகியவற்றை ஒட்டிய ஓரங்களில்தான் மிகுதி. சுற்றுவட்டத்தில் ஒரு வயல் மட்டும் முன்கூட்டிக் கதிர் வாங்கினால் எல்லாக் கூட்டமும் அதில் இறங்கும். அக்கம்பக்கத்தார் ஒரே சமயத்தில் நடவு செய்தால் சேதம் பகிர்ந்துபோகும்.

ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியும் பளபளக்கும் அரை அங்குல நாடாவை, ஓரங்களில் முறுக்கிக் கட்டினால் காற்றில் மின்னி ஓசையெழுப்பும். பறவைக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்பதால் பால் பிடிக்கும் நாளில் கட்டினால் போதும், முன்னதாகக் கட்டி வீணாக்க வேண்டாம். 'டி' குச்சிகளையும் கதிர் வெளிவந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் சில்லைகள் அதிலேயே வசதியாக உட்காரும். மெல்லிய நைலான் வலை வேண்டாம், அதில் சில்லையோடு கூகையும் சிக்கும்.

தானியம் தின்னும் பறவையை அடியோடு ஒழிக்க முயன்ற நாடும் உண்டு. சீனாவில் 1958இல் சிட்டுக்குருவியை எதிரியாக அறிவித்து ஊர் ஊராக விரட்டிக் கொன்றார்கள். குருவி போனதும் பூச்சிகள் பெருகின. 1960இல் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

மயில் விஷயம் வேறு. விராலிமலையை அடுத்த பகுதிகளில் மட்டுமன்றி இன்று பல ஊர்களிலும் நாற்று, நிலக்கடலை, காய்கறி ஆகியவற்றில் மயில் சேதம் செய்கிறது. விவசாயிகளின் முறையீடு நியாயமானது. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மயிலைக் கொல்வது கடுமையான குற்றம். விஷம் வைத்தவர் சிறைக்குப் போக நேரிடும், கூடவே மற்றப் பறவைகளும் சாகும். சேதத்தை வனத்துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்துப் பதிவு செய்து வைப்பதே சரியான வழி.

வாழைத் தோட்டத்தில் பூவைச் சுற்றும் தேன்சிட்டைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம். சாகுபடி வாழை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய் பிடிப்பது. தேன்சிட்டு தேனைக் குடித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒரு நாள்

அறுவடை முடிந்து ஓய்வு கிடைக்கும் தை, மாசி மாதங்களே பறவை பார்க்க மிக நல்ல சமயம். நீர் வடிந்த கொள்ளிடத்து மணல் திட்டுகளில் ஆள்காட்டி, கரும்புள்ளி மீன்கொத்தி, ஆற்று ஆலா முதலியவற்றைப் பார்க்கலாம். ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அருகே முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அறிந்து விலகி நடக்க வேண்டும்.

குடும்பத்துடன் போவதானால் திருச்சிக்கு வடகிழக்கே, அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி ஏரிக்குப் போகலாம். முக்கொம்பை அடுத்த வாத்தலையில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலின் தண்ணீர் சென்றடையும் ஏரி இது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமாவதைக் கண்ட கிராமத்தார், பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798இலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கரைவெட்டி ஏரியும் பாசன ஏரியே.

இங்கே தலையில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ள சாம்பல் நிற வாத்துகளைக் கண்டால் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். இவை மத்திய ஆசியாவின் ஏரிகளிலிருந்து இமயமலையைக் கடந்து வருபவை. பகலில் ஏரியில் ஓய்வெடுத்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் குரல் கொடுத்தபடி வரிசையாகக் கிளம்பும். அறுவடையான வயல்களில் இறங்கி, உதிர்ந்த நெல்லையும் புல்லையும் மேய்ந்து, விடியும் முன் திரும்பும். இருட்டும் வரை கரையில் காத்திருந்தால், அவை தலைக்கு மேலே போவதைப் பார்க்கலாம்.